கூத்தும் மருந்தாகுமோ?

பேராக் மாநிலத்துத் தமிழரிடையே ஓர் ஏச்சுமொழி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒருவன் சற்று மாறுபடப் பேசினாலும், காரணமின்றிச் சிரித்தாலும், “இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்று அருகிலிருப்போர் சொல்லி நகைப்பர். ஈப்போ நகருக்கு அண்மையிலுள்ள அச்சிற்றூரில் 1911-ஆம் ஆண்டில் மனநோய் வைத்தியசாலை ஒன்று நிறுவப்பெற்றது. அன்று முதல் அவ்வூரின் பெயரே பைத்தியத்திற்கு மறுபெயராகி விட்டது. காய்ச்சல் கண்டவனை நாம் ஏசுவதில்லை. கால் முறிந்தவனைக் கண்டு நகைப்பதில்லை. மனம் முறிந்தவனை மட்டும் ஏன் நகைப்புக்கு ஆளாக்குகிறோம்? அவன் வீட்டார் ஏன் வெட்கித் தலை குனிகின்றனர்? இவ்வெட்கத்தினால் உரிய காலத்தில் மருத்துவம் பெறாமல் கெட்டழிந்த குடும்பங்கள் நம்மிடையே பல என்பதை யார் மறுக்க வல்லார்?

அவ்வைத்தியசாலையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் வேறொரு களமும் இருந்தது. அது கோயில் திருவிழாக் காலத்தில் கூத்தும் நாடகமும் நடந்த களம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று அக்காலத்தில் எவரும் எண்ணியதில்லை. ஆனால் உலகின் பல பாகங்களிலும் கடந்த ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது, அவ்விரு களங்களும் ஒன்றற்கொன்று அத்துணை அந்நியமானவை அல்ல என்று தெரிகிறது. அதன் வரலாற்றை நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்துக் களம்

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்ப் பால்மரக் காடுகள் பெருகப் பெருக, தமிழகத்து ஏழை மக்கள் கப்பலேறி வந்தனர். 1910 வரையில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அதன் பின்னர்ப் பெரும்பாலும் கங்காணிகள் வாயிலாகவும் வந்தனர். இந்திய அரசாங்கம் 1938-இல் இவ்வகைக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் அவ்வரவு நிற்கவில்லை. வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கதைகளையும் கொண்டு வந்தனர். அரிச்சந்திரன், நல்லதங்காள், மதுரைவீரன், வள்ளி திருமணம் ஆகியவை லயத்து மக்களுக்கு நன்கு பழக்கமானவை.

இவற்றுள் அரிச்சந்திரன் கதையைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். அதன் உயிர்நாடி யாது? வாய்மை என்று புலவர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் பால்மரம் வெட்டிக் களைத்து வந்து, தரையில் அமர்ந்து விடியும் வரை அதைப் பார்த்த தொழிலாளிக்கு அதில் வேறொன்றும் தெரிந்திருக்கும். கடன் தீர்க்க மனைவியையும் மகனையும் விற்றவன் அரிச்சந்திரன். பின்னர்த் தன்னையும் விற்றுச் சுடுகாடு காத்தவன். பிறர் வீட்டில் அடிமையாய் உழைத்தவள் சந்திரமதி. காட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவன் பாம்பு கடித்து மாண்டான். கப்பற் கூலிக்கும் முன்பணத்திற்கும் கட்டுப்பட்டுக் கடல் கடந்தவனுக்கு, பாம்பும் மலேரியாவும் நிறைந்த காட்டில் பிள்ளையைப் புதைத்தவனுக்கு, இது புராணமா? தன் கதையே அல்லவா? அவன் பக்கத்திலிருந்த மனைவி சந்திரமதிக்காகவா அழுதாள்? தனக்காகவும் அழுதாள் என்றே நாம் கருதுகிறோம். துரையின் முன்னும் கங்காணியின் முன்னும் அழ முடியாதவர்களுக்கு, பழிக்கு அஞ்சாமல் அழுவதற்கு ஓர் இரவும் ஓரிடமும் கிடைத்தன.

பழந்தமிழர் இதனை அறியாதவர் அல்லர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இழிவுபடுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல், வறுமை என்பனவே அந்நான்கு. தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் இந்நான்கில் எது இல்லை? மேலை நாட்டில் அரிஸ்டாட்டிலும், துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளிலிருந்து காண்போரைத் தூய்மைப்படுத்துகிறது என்று எழுதினார். அதற்கு அவர் கையாண்ட சொல் கிரேக்க மருத்துவத்திலும் வழங்கியதே.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கூத்துப் பார்ப்பதால் மனச்சுமை சிறிது இறங்கலாம், மனநோய் தீர்ந்துவிடாது. அப்படித் தீருமாயின் தஞ்சோங் ரம்புத்தானுக்குத் தேவையே இருந்திராது. நோய் கண்டவனைப் பேய் பிடித்தவன் என்று கட்டி வைத்து, வேப்பிலையாலும் பிரம்பாலும் அடித்த கொடுமையும் நம்மிடையே நிகழ்ந்ததுதான். அதனைச் சீர்திருத்தக்காரர் கண்டித்தது முற்றிலும் நியாயமே. ஆனால் மூடத்தனத்தை வீசி எறிந்த வேகத்தில், மக்கள் ஒன்றுகூடித் தம் துயரை வெளியிட்ட களத்தையும் சேர்த்து எறிந்து விட்டோமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

பிரான்சில் ஒரு பாடம்

மனநோயாளரைக் கொண்டு நாடகம் நடத்தும் முயற்சி புதியதன்று. பாரிஸ் நகருக்கு அருகே சாரந்தோன் என்னுமிடத்து மனநோய் விடுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேடை அமைத்து நாடகங்கள் ஆடினர். விடுதித் தலைவர் குல்மியே என்பவர் இதனை ஒரு சிகிச்சையாகவே கருதினார். அங்கு அடைபட்டிருந்த எழுத்தாளர் சாத் பிரபு நாடகங்களை நடத்தி வந்தார். நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் வேடிக்கை பார்க்க வண்டிகளில் வந்து குவிந்தனர். 1813-இல் அரசாங்கம் இவற்றை நிறுத்தியது.

புகழ் பெற்ற மனநோய் மருத்துவர் எஸ்கிரோல் இம்முயற்சியை வன்மையாகக் கண்டித்தார். நோயாளிகளின் பெயரால் நடந்த அந்நாடகங்கள் அவர்களுக்குப் பயன்படவில்லை, பார்க்க வந்தவர்களே ஏமாற்றப்பட்டனர் என்பது அவர் கருத்து. இக்கண்டனத்தை நாம் மறத்தலாகாது. பார்வையாளர் கைதட்டலுக்காக ஆடுவது வேறு. ஆடுபவன் நலத்திற்காக ஆடுவது வேறு. நோயாளியைக் காட்சிப் பொருளாக்கும் நாடகம் மருந்தன்று. அது மற்றோர் அவமதிப்பே.

மொரேனோ கண்ட முறை

இவ்வேறுபாட்டை உணர்ந்து, நாடகத்தை மருத்துவத்தின் கருவியாக்கியவர் ஜேக்கப் மொரேனோ என்னும் மருத்துவர். 1889-இல் ருமேனியா நாட்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் கற்றவர். முதல் உலகப் போரின்போது வியன்னாவுக்கு அருகே அகதிகள் குடியமர்த்தப்பட்ட ஒரு முகாமில் பணி செய்தார். யாருக்கு யாரோடு உறவு, யாருக்கு யாரோடு பகை என்று கேளாமல் மக்களைக் குடிசை குடிசையாக அடைத்ததனால் எழுந்த துன்பத்தை அங்கே கண்டார். வீட்டுக் கூரை மட்டும் போதாது, மனத்திற்கு உற்ற துணையும் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வலுப்பெற்றது.

1920-களின் தொடக்கத்தில் அவர் வியன்னாவில் ஒரு சிறு நாடக அரங்கு நடத்தினார். எழுதி வைத்த வசனமின்றி, நடிகர் அவ்வப்போது எண்ணியதைப் பேசி நடிக்கும் அரங்கு அது. அங்கே பார்பரா என்று அவர் குறிப்பிடும் நடிகை சாந்தமும் அன்பும் நிறைந்த பாத்திரங்களையே ஏற்று வந்தார். ஆனால் வீட்டிலோ அவர் சொல்லொணாச் சினம் கொண்டு சீறுவதாகக் கணவர் வந்து முறையிட்டார். மொரேனோ அந்நடிகைக்குக் கோபமும் கொந்தளிப்பும் நிறைந்த பாத்திரங்களைக் கொடுத்தார். மேடையில் சினம் வெளிப்பட வெளிப்பட, வீட்டில் அது தணிந்தது என்கிறார் அவர். பின்னர்க் கணவனும் மனைவியும் தம் வீட்டுச் சண்டைகளையே மேடையில் நடித்துக் காட்டினர். பார்த்திருந்த பிறரும் தத்தம் இல்லங்களை நினைந்து உள்ளம் நெகிழ்ந்தனர்.

1925-இல் அமெரிக்கா சென்ற மொரேனோ, 1936-இல் நியூயார்க் மாநிலத்துப் பீக்கன் என்னுமூரில் மனநோய் விடுதி ஒன்றைத் திறந்து, அதனுள் ஒரு மேடையையும் அமைத்தார். இம்முறைக்கு உளநாடகம் என்று பெயர். அதன் செய்முறை எளிது. கூடியிருப்போருள் ஒருவர் தம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வார். தந்தை, மனைவி, மேலதிகாரி போன்ற மற்றவர்களாக ஏனையோர் நடிப்பர். இடையில் வேடம் மாறும். மகன் தந்தையாகவும், தந்தையாக நடித்தவர் மகனாகவும் ஆவர். இருபது ஆண்டுகள் தந்தையை வெறுத்தவன், ஐந்து நிமிடம் தந்தையின் நாற்காலியில் அமர்ந்து அவர் வாயால் பேசும்போது, அதுவரை காணாத ஒன்றைக் காண்கிறான். முடிவில் எவரும் உபதேசம் செய்வதில்லை. “எனக்கும் இவ்வாறு நேர்ந்தது” என்று ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தைச் சொல்வர். ஆடியவன் தான் தனியன் அல்லன் என்று அறிகிறான்.

மொரேனோ 1974-இல் மறைந்தார். அவர் வழியிலும் வேறு வழிகளிலும் வளர்ந்த நாடகச் சிகிச்சைக்கென 1970-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சங்கங்கள் தோன்றின. இன்று அது பயிற்சி பெற்றோர் செய்யும் ஒரு தொழிலாகவே இருந்து வருகிறது.

யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும்

இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுச் செய்திகள், தமிழருக்கு ஒவ்வுமோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வையத்திற்கு விடை நமக்கு மிகவும் பழக்கமான இடத்திலேயே இருக்கிறது. பேராக்கில் முதல் இரயில் பாதை போடப்பட்ட காலந்தொட்டு நிலைய அதிகாரிகளாகவும், கிராணிமாராகவும், ஆஸ்பத்திரி உத்தியோகத்தராகவும் வந்தவர் பலர் யாழ்ப்பாணத் தமிழர். அவர்களுடைய தாயகத்தில்தான் நாடகம் மனப்புண்ணுக்கு மருந்தாகும் சோதனை தமிழ்மொழியிலேயே நடைபெற்றது.

1983-க்குப் பின் மூண்டு 2009 வரை நீடித்த போரினால் ஈழத்து மக்கள் பட்ட துன்பம் உலகறிந்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே, போர் மக்கள் மனத்தில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்து எழுதினார். காணாமற் போன மகனைத் தேடும் தாய், குண்டோசை நின்ற பின்னும் அதைக் கேட்டு நடுங்கும் சிறுவன், உறக்கமிழந்த முதியவர் என இவர்கள் தொகை பெருகியது. மருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பலர் தம் துயரை மனநோய் என்று சொல்லவும் இல்லை. தலைவலி, நெஞ்சுவலி, உடல் உளைவு என்றே சொல்லி வந்தனர்.

அந்நிலையில் நாடகக்காரர் முன்வந்தனர். யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்த குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985-இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவரால் ஊர் ஊராக நடிக்கப்பெற்றது. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ போரால் புண்பட்ட மனங்களையே பொருளாகக் கொண்டது. பின்னர்ச் சிதம்பரநாதன் அரங்கச் செயற்பாட்டுக் குழுவை நடத்தினார். எழுதிய நாடகத்தைக் காட்டுவதை விட்டு, மக்களே தம் அனுபவத்தை ஆடும் முறைக்கு அவர் திரும்பினார். பாட்டு, விளையாட்டு, தாளம், உடலசைவு ஆகியவற்றால் முதலில் அச்சமும் இறுக்கமும் தளர்த்தப்படும். பிறகு கூடியவர்கள் தம் கதைகளைச் சொல்வர், காட்சியாக்குவர், அழுவர். 1995-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வேளையில் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. அத்தகைய மக்களுக்கு இவ்வகை அரங்கு எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை இடம்பெயர்ந்தவர்கள் எளிதில் உணர்வர்.

கிழக்கே மட்டக்களப்பில் 1996-இல் ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ என்னும் தோட்டம் திறக்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், யேசு சபைத் துறவியும் மன ஆலோசகருமான பால் சற்குணநாயகமும் இதனைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே ஒன்றாக மண்ணைப் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்து நாடகம் ஆடினர். “உனக்கு என்ன நேர்ந்தது, சொல்” என்று எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. சொல்ல இயலாத ஒன்றைக் குழந்தை தானாகச் சொல்லாது. ஆனால் வேடம் ஒன்றைக் கொடுத்தால் அவ்வேடத்தின் வாயால் சொல்லிவிடும்.

நமது கதை

இவற்றை நாம் இங்கு எடுத்துரைப்பது அயலார் துயரைப் பேசிப் பொழுது போக்குவதற்கன்று. பேராக் தமிழரின் மனத்திலும் ஆறாத புண்கள் உள்ளன.

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவடைந்தது. சென்றவர்களில் திரும்பாதோர் எத்துணைப் பேர்! அவர்களுக்குப் பிணமில்லை, எனவே ஒப்பாரியும் இல்லை. திரும்பி வந்தவரோ வாய் திறவாமலே முதுமையடைந்து மறைந்தனர். அதே ஆண்டுகளில் தஞ்சோங் ரம்புத்தான் வைத்தியசாலையில் இருந்த நோயாளிகளும் பட்டினியாலும் நோயாலும் பெருந்தொகையாய் மாண்டனர். அவர்களுக்காக அழுதவர் யார்?

பின்னர் வேறொரு பிரிவு நேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, 1970-களுக்குப் பின் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் சென்றன. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற நகரங்களின் ஓரங்களிலும், தலைநகரின் அடுக்குமாடிகளிலும் குடியேறினர். கோயிலும் பள்ளியும் பந்துத் திடலும் பிரட்டுக் களமும் கூத்துக் களமும் ஒருங்கே கைவிட்டுப் போயின. வீடு கிடைத்தவருக்கும் களம் கிடைக்கவில்லை. மொரேனோ தம் முகாமில் கண்ட துன்பம் இதுவேயன்றோ? தொல்காப்பியம் கூறும், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தலும் இதுவேயன்றோ? அழுவதற்கு இடமற்ற துயரம் அழியாது. அது கள்ளுக்கடையிலும், வீட்டு அடிதடியிலும், இளைஞர் கையில் அரிவாளாகவும், சில இல்லங்களில் தற்கொலையாகவும் வெளிப்படுகிறது. இவற்றிற்கெல்லாம் இது ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. வறுமையும் கல்விக் குறைவும் உண்டு. ஆயினும் இதுவும் ஒரு காரணம் என்பதை மறைத்துப் பயனில்லை.

செய்ய வேண்டுவன

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க படிப்பினைகள் மூன்று.

முதலாவது, நாடகம் மருந்துக்கு மாற்றன்று. இல்லாத குரல் கேட்பவருக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிபவருக்கும் முதலில் வேண்டுவது மருத்துவரும் மருந்துமே. அவரை மந்திரவாதியிடமோ மேடைக்கோ இட்டுச் செல்வது பெரும் பிழை. நாடகம் மருத்துவத்தின் அருகே நின்று உதவுவது.

இரண்டாவது, பயிற்சியின்றி இதில் இறங்கலாகாது. ஒருவர் நெஞ்சைத் திறந்து காட்டச் செய்துவிட்டு, அதை மூடத் தெரியாமல் வீட்டுக்கு அனுப்புவது புண்ணைக் கீறிவிட்டுக் கட்டாமல் விடுவதை ஒக்கும். எவரையும் வற்புறுத்தலாகாது, அங்கே கேட்டதை வெளியே பரப்பலாகாது, சாரந்தோனில் நடந்தது போல் வேடிக்கையாக்கலாகாது.

மூன்றாவது, நோயுற்றோர்க்கன்றி, துயருற்ற எளிய மக்களுக்கு இதனைத் தொடங்குவது அரிய காரியமன்று. கோயில் மண்டபமோ, தமிழ்ப் பள்ளிக் கூடமோ, பொது மண்டபமோ போதும். இருபது பேர் போதும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியோரை அழைத்து அவர்தம் கதைகளைச் சொல்லச் செய்து, அவற்றைப் பேரப் பிள்ளைகள் நடித்துக் காட்டட்டும். பாட்டியாகப் பேத்தி நடிக்கும்போது, விடியுமுன் பனியில் பால்வாளி சுமந்த கால்களின் வலியை அவள் அறிவாள். தன் வாழ்வு வீணன்று என்பதைப் பாட்டியும் அறிவாள். இதனைச் சிகிச்சை என்று அழைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தலைமுறைகளுக்கிடையே வளர்ந்துவிட்ட ஊமைத்தனம் அங்கே உடைபடும். மனநலப் பயிற்சி பெற்ற தமிழர் இன்று இந்நாட்டில் இல்லாமலில்லை. அவர்களுள் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு நடத்துவது நம் சங்கங்களுக்கு இயலாததா? ஆண்டு விழாவுக்குச் சினிமா ஆட்டங்கள் ஏற்பாடு செய்யும் பொருளில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதுமே!

தஞ்சோங் ரம்புத்தான் வைத்தியசாலைக்கு 1971-இல் ‘பஹாகியா’ என்று பெயர் சூட்டினர். மலாய் மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர் மாறியும் நம்மவர் வாயில் பழைய ஏச்சு மாறவில்லை. அடுத்த முறை அவ்வேச்சு நாவில் எழும்போது, சுடுகாட்டில் நின்ற அரிச்சந்திரனுக்காக விடிய விடிய அழுத நம் பாட்டன் பாட்டியரை எண்ணிப் பார்ப்போமாக. கதையில் வரும் அரசனின் துயருக்கு அவ்வளவு இரங்கிய மக்களின் வழித்தோன்றல்கள், அடுத்த வீட்டில் மனமுடைந்து கிடப்பவனுக்கு இரங்க மாட்டார்களா? இரங்குவார்கள் என்றே நம்புகிறோம். அந்நம்பிக்கை பொய்யாகாதிருக்கும்படி நடந்துகொள்வது வாசகர்களின் கடமை. நமது கடமையும் அதுவே.